மச்சு ஜன்னலும் மண்சுவரும்

அவனியாபுரத்தில் நான் வாழ்க்கைப்பட்ட வீடு சாலைத் திருப்பத்தில் இருந்தது. மதுரையிலிருந்து வரும் சாலை எங்கள் மாட்டுத் தொழுவின் மண்சுவரை ஒட்டியே வந்து, சுவர் முடிகிற இடத்தில் சட்டென்று மடங்கிக் கண்மாய்ப் பக்கம் போகும். சுவர் ஆள் உயரத்துக்கும் மேலே. அதற்குப் பின்னால் வைக்கோல் படப்பு வேறு. மதுரைப் பக்கமிருந்து வருகிறவருக்கு, கண்மாய்ப் பக்கமிருந்து என்ன வருகிறது என்று முட்டிக்கொள்ளும்வரை தெரியாது.

அந்தச் சுவர் என் மாமனார் எழுப்பியது. அவருக்கும் அவருடைய பங்காளிக்கும் எல்லைத் தகராறு. கோர்ட்டுக்குப் போய் மூன்று வருஷம் அலைந்தார். தீர்ப்பு அவர் பக்கம் ஆன மாதமே, கிடைத்த இடத்தின் கடைசி விளிம்பு வரைக்கும் சுவரைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். நான் மருமகளாக வந்தபோது அதில் மண் ஈரம்கூடச் சரியாகக் காயவில்லை.

அப்போது சாலையில் ஒரு நாளைக்கு இரண்டு பஸ், மற்றபடி மாட்டு வண்டிகள்தான். பிறகு யுத்தம் வந்தது. ஊருக்குத் தெற்கே ஏரோப்ளேன் இறங்குவதற்காக நிலத்தை நிரவத் தொடங்கினார்கள். கல்லும் சரளையும் ஏற்றிய லாரிகள் காலையிலிருந்து பொழுது சாயும்வரை ஓடின. பெட்ரோல் கிடைக்காததால் பஸ்களின் முதுகில் கரி அடுப்பைக் கட்டிவிட்டிருந்தார்கள். அவை புகையைக் கக்கிக்கொண்டு திருப்பத்தில் திணறும்.

எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி, என் வயதுள்ள ஒருத்தி இருந்தாள். களையெடுக்க நானும் அவளும் சேர்ந்தே போவோம். ஒரு காலையில் கண்மாயிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு அவள் திருப்பத்துக்கு வரவும், இந்தப் பக்கம் ஒரு லாரி வரவும் சரியாக இருந்தது. லாரிக்காரர் ஒடித்துத்தான் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கிப்போனது. வண்டி கட்டி மதுரைக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு மாதம் கழித்து, மடங்காத ஒரு காலோடு திரும்பி வந்தாள்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார் அதற்குப் பிறகுதான் தெருக்காரர்களைக் கூட்டினார். முப்பது வயதுக்குள் இருக்கும். நெட்டையாக, எப்போதும் அவசரமாக நடப்பவர். "சர்க்கார் வந்து செய்யும்னு உக்காந்திருந்தா இன்னும் நாலு காலு போகும். நம்ம ரோட்ட நம்மளே பாத்துக்கிருவோம்" என்றார். அமாவாசை அன்று யாரும் ஏர் பூட்டுவதில்லை என்பதால், மாதம் ஒருமுறை அந்த நாளில் எல்லோரும் சாலை வேலைக்கு வருவது என்று முடிவாயிற்று.

முதல் அமாவாசையை நான் மறக்கவில்லை. ஆண்கள் சாலையோரத்து முள்ளை வெட்டினார்கள். பெண்கள் நாங்கள் கூடையில் சரளை சுமந்து குழிகளை நிரப்பினோம். புளிய மரங்களின் அடியில் இடுப்பு உயரத்துக்குச் சுண்ணாம்பு அடித்து, ஓரக் கற்களையும் வெள்ளையாக்கினோம். மத்தியானம் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து கூழ் குடித்தோம். நிமிர்ந்து பார்த்தபோது சாலை முகம் கழுவினதுபோல் இருந்தது. அன்று சுமந்த சரளையில் கழுத்து இரண்டு நாள் வலித்தது. ஆனாலும் அடுத்த அமாவாசை எப்போது வரும் என்று இருந்தேன்.

இரண்டாம் அமாவாசை அன்று வாத்தியார் எங்கள் சுவர் முன்னால் வந்து நின்றார். மாமனாரும் அங்கேதான் மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். அவர் வேலைக்குப் பின்வாங்குகிறவர் அல்ல.

"ஐயா, இந்த மூலையில மூணு முழம் சாய்ச்சு வெட்டிட்டாப் போதும். வாரவன் போறவன் தெரியும்" என்றார் வாத்தியார்.

"மூணு முழத்துக்கு மூணு வருசம் கோர்ட்டு வாசல்ல நின்னவன் சார் நான். ஒரு சாண் விட மாட்டேன்."

"ஒரு பொம்பளப்பிள்ள காலு போயிருச்சுங்கய்யா."

மாமனார் குனிந்து மண்வெட்டியால் தரையைக் கீறினார். அவருக்கும் அது உறுத்தலாகத்தான் இருந்திருக்கும். பிறகு தலையைத் தூக்கி எங்கள் வீட்டைப் பார்த்தார்.

"ஒண்ணு செய்யுறேன். அந்தா இருக்கு பாருங்க மச்சு ஜன்னல், அங்கன நின்னா ரெண்டு பக்கமும் தெரியும். எம் மருமக நிப்பா. அஞ்சாங் கிளாசு படிச்ச பிள்ள. எந்த வண்டி எந்தப் பக்கம் வருதுன்னு பாத்துச் சொல்ல அவளுக்குத் தெரியாதா?"

நான் பத்தடி தள்ளிக் கூடையோடு நின்றுகொண்டிருந்தேன். எல்லோரும் ஜன்னலைத்தான் பார்த்தார்கள். ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. "நல்ல யோசனைதான்" என்று யாரோ சொன்னார்கள். வாத்தியார் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம் தெரிந்தது. அதுவும் சீக்கிரம் போய்விட்டது.

மறுநாளே ஏற்பாடு நடந்தது. என்னுடைய பழைய சிவப்புச் சேலையில் ஒரு முழம் கிழித்து மூங்கில் கம்பில் கட்டினார்கள். கண்மாய்ப் பக்கமிருந்து ஆளோ வண்டியோ மாடோ வந்தால் நான் துணியை ஜன்னலுக்கு வெளியே நீட்ட வேண்டும். துணி தெரிந்தால் மதுரைப் பக்கமிருந்து வருகிறவர் நிற்க வேண்டும். அந்த வண்டி கடந்து போனதும் துணியை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். "சிவப்புத் துணி தெரிந்தால் நிற்கவும்" என்று ஒரு பலகையில் வாத்தியாரே எழுதிப் புளிய மரத்தில் அறைந்தார்.

மச்சு என்றால் பெரிய மாடி ஒன்றும் இல்லை. ஏணிப்படி ஏறிப் போகவேண்டிய ஒரே அறை. நெல் மூட்டை போடும் இடம். மேலே ஓடு. நின்றால் உச்சந்தலையில் சூடு இறங்கும்.

முதல் மாதம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. பஸ் டிரைவர்கள் என் துணியைப் பார்த்து நின்றார்கள். போகும்போது கையைத் தூக்கிக் காட்டினார்கள். வண்டிக்காரர்கள், "நல்லாயிரு தாயி" என்று சொல்லிக்கொண்டு போனார்கள். மில்லுக்குச் சைக்கிளில் போய்வரும் என் வீட்டுக்காரர் சாயங்காலம் வந்து, "மதுரையில கூட ஒன்னயப் பத்திப் பேசிக்கிறாக" என்றார்.

அடுத்த மாதம் களையெடுப்பு தொடங்கியது. பெண்கள் கூட்டமாகத் திருப்பத்தைக் கடந்து போனார்கள். நான் துணியை நீட்டினேன். அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கடந்தார்கள். துணியை உள்ளே இழுத்தேன். கண்மாயில் குளித்து எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன்.

விடிந்து லாரி ஓடத் தொடங்கினால் மேலே ஏறுவேன். விளக்கு வைத்த பிறகு துணி தெரியாது என்பதால் அப்போதுதான் இறங்குவேன். அரிசியில் கல் பொறுக்குவது, பருத்தியில் கொட்டை எடுப்பது எல்லாம் மேலேதான். கையால் செய்யலாம், குனிந்து பார்க்கக் கூடாது. மாமியார் கஞ்சியைப் படியில் வைத்துவிட்டு, "மகாராணிக்கு வச்சிருக்கேன்" என்பார். அவர் பாடும் கஷ்டம்தான். வீட்டு வேலை முழுக்க அவர் தலையில் விழுந்திருந்தது. ஆடிக் காற்று அடித்தபோது சாலைப் புழுதி அத்தனையும் ஜன்னல் வழியாக வந்தது. கண் எரிந்தது. கரிப் பஸ்ஸின் புகை தலைமுடியில் தங்கி, தலையணை முழுக்க அந்த வாடைதான்.

ஒரு மத்தியானம் வயிறு சரியில்லை. கொல்லைப் பக்கம் ஓடிப்போய்த் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிவிடும்? படியேறும்போதே சத்தம் கேட்டது. வைக்கோல் ஏற்றிய வண்டி ஒன்றும் லாரியும் உரசிக்கொண்டு நின்றன. வண்டியின் அச்சு முறிந்து, மாடு ஒன்று முட்டிபோட்டுக் கிடந்தது. அதன் முழங்காலில் ரத்தம். ஆளுக்கு ஒன்றும் இல்லை. கூட்டம் கூடிவிட்டது.

யாரும் என்னைத் திட்டவில்லை. வண்டிக்காரர் மேலே பார்த்து, "எங்க தாயி போயிருந்த?" என்று மட்டும் கேட்டார். கோபமாகக்கூட இல்லை. குழந்தையைக் கேட்பதுபோல் கேட்டார். இத்தனை ஆண்கள் நிற்கும்போது நான் எங்கே போயிருந்தேன் என்று என்ன சொல்வது? அந்த நாளுக்குப் பிறகு காலையில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டேன்.

என் வீட்டுக்காரரிடம் ஒருநாள் சொன்னேன். "இங்கேருங்க, என்னால முடியல. வேற ஏதாச்சும் ஏற்பாடு செய்யச் சொல்லுங்க."

"ஊருக்கே நல்ல காரியம். யுத்தம் முடிஞ்சா லாரி நின்னு போகும். அதுவரைக்குந்தான."

"யுத்தம் எப்ப முடியும்?"

அவர் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்பாவை எதிர்த்துப் பேசிப் பழகாத மனுஷர். நல்லவர்தான்.

பொங்கலன்று ஊரில் ஜல்லிக்கட்டு. சுற்று ஊர்களிலிருந்தெல்லாம் வண்டி வண்டியாக ஆட்கள் வந்தார்கள். எனக்குப் பொங்கலைக் கிண்டவும் நேரமில்லை. வாடிவாசல் பக்கம் எழும்பிய புழுதியும் கூச்சலும்தான் எனக்குக் கிடைத்த ஜல்லிக்கட்டு. அன்று சாயங்காலம் வாத்தியார் வீட்டுக்கு வந்து, "நீங்க நின்னதால ஒரு ஆளுக்குக்கூடச் சிராய்ப்பு இல்லம்மா" என்று கும்பிட்டார். அவர் கும்பிட்டபோதுதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. இவர்கள் என்னை இனி விடமாட்டார்கள் என்று தெரிந்துபோனது.

மாசி மாதம் என் அண்ணன், நான் பிறந்த ஊரான திருவாதவூரிலிருந்து வந்தார். அவர் திருப்பத்தில் நடந்து வருவதை ஜன்னலிலிருந்தே பார்த்துவிட்டேன். பொங்கல் சீர் ஏற்கெனவே வந்துவிட்டது. இப்போது வருகிறார் என்றால் ஏதோ இருக்கிறது என்று தோன்றியது. துணியை உள்ளே இழுத்துவிட்டுத்தான் இறங்கினேன்.

"ஆத்தாளுக்கு மேலுக்கு முடியல. பத்து நாளாக் காய்ச்சல். ஒன்னயக் கேட்டுக்கிட்டே இருக்கு. கூட்டிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார் அண்ணன்.

மாமனார் அவரை உட்காரச் சொல்லி, மோர் கொடுக்கச் சொன்னார். அம்மாவின் உடம்பைப் பற்றி நல்லபடியாகவே விசாரித்தார். பிறகு, "போகட்டும், வேணாங்கல. ஆனா ஜன்னல்ல யாரு நிப்பா? அவ அத்தைக்குக் கண்ணு சரியாத் தெரியாது. வேற ஆளுக்குச் சொல்லிக் குடுத்துட்டு ஒரு வாரம் கழிச்சு அனுப்புறேன்" என்றார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மேலே போகவேண்டும் என்ற நினைப்பு அப்போதும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு லாரி சத்தம் கேட்கவும், அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் படியேறிவிட்டேன். திரும்பி வந்தபோது அவர் போய்விட்டிருந்தார்.

அந்த ஒரு வாரத்தில் யாருக்கும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கால் போன என் தோழி மட்டும் ஒருநாள் கட்டையை ஊன்றி வந்து, ஏணிப்படியின் அடியில் நின்றாள். "நான் நிக்கிறேன், நீ போயிட்டு வா" என்றாள். இரண்டு படி ஏறப் பார்த்தாள். கால் மடங்கவில்லை. கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டாள். நான் மேல்படியில் உட்கார்ந்தேன். காதைச் சாலைப் பக்கம் வைத்துக்கொண்டேன்.

"என்னாத்துக்கு இன்னும் நிக்கிற? கேட்டா விட மாட்டாக. கேக்காமப் போ" என்றாள்.

"யாருக்காச்சும் ஏதாச்சும் ஆயிட்டா?"

"ஆச்சுன்னா, அது சொவத்தால ஆகும். ஒன்னால இல்ல."

இத்தனை மாதத்தில் அதை எனக்கு எடுத்துச் சொன்னது அவள் ஒருத்திதான்.

எட்டாம் நாள் அமாவாசை. காலையிலேயே ஆட்கள் சுண்ணாம்பு வாளியோடு எங்கள் சுவர் முன்னால் கூடிவிட்டார்கள். சுவருக்கு வெள்ளையடித்து, மூலையில் கருப்புப் பட்டை போடப் போகிறார்கள் என்று வாத்தியார் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தது மேலே கேட்டது. வண்டிக்காரர்களுக்குத் தூரத்திலிருந்தே சுவர் தெரியுமாம். ஊருக்குள் நுழைகிற இடம் பார்க்க அழகாகவும் இருக்குமாம். மாமனார் அதற்கு மகிழ்ச்சியாகச் சம்மதித்திருந்தார். அவரும் ஒரு மட்டையை வாங்கிக்கொண்டு தேய்க்கத் தொடங்கினார்.

அந்த நேரத்தில் அண்ணன் மறுபடியும் வந்தார். இந்த முறை வீட்டுக்குள் வரவில்லை. சாலையோரத்திலேயே நின்று ஜன்னலைப் பார்த்தார். முகம் கறுத்திருந்தது.

நான் கம்போடு கீழே இறங்கினேன். நேராக வாத்தியாரிடம் போய்க் கம்பை நீட்டினேன்.

"சார், நாளையிலிருந்து இல்ல, இப்ப இருந்தே நான் நிக்க மாட்டேன். எங்க ஊருக்குப் போறேன். ஆத்தாளுக்கு முடியல."

சுண்ணாம்பு மட்டைகள் நின்றன. மாமனார் சுவரைப் பார்த்தபடியே இருந்தார். அவர் முன்னால் நான் அதுவரை வாயைத் திறந்ததே இல்லை.

வாத்தியார் பதறிப்போனார். "அம்மா, ஒரு பத்து நாள் பொறுத்துக்கங்க. நான் ஏதாச்சும் வழி பண்ணுறேன். திடீர்னு விட்டா எப்புடி?"

"ஒங்க வீட்டம்மாவ நிக்கச் சொல்லுங்க சார்."

அவர் கம்பை வாங்கிக்கொண்டார். அவரை அப்படிக் கேட்டிருக்க வேண்டாம் என்று பின்னால் பலமுறை நினைத்திருக்கிறேன். நல்ல நோக்கத்தோடு வந்தவர். ஆனால் வேறு எப்படிக் கேட்பது என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

மாமனார் திரும்பாமலே, "போயிட்டு வரட்டும்" என்றார். அவ்வளவுதான்.

கண்மாய்ப் பக்கத்து நிறுத்தத்தில் அண்ணனும் நானும் பஸ் ஏறினோம். மாற்றுச் சேலைகூட எடுத்துக்கொள்ளவில்லை. திருப்பம் நெருங்கியதும் எட்டி எங்கள் மச்சைப் பார்த்தேன். ஜன்னலில் ஆள் இல்லை. டிரைவரும் அதைப் பார்த்திருக்க வேண்டும். பஸ்ஸை நிறுத்தினார். கண்டக்டர் இறங்கி, சுண்ணாம்பு அடிக்கிறவர்களைத் தாண்டிச் சுவர் முனைவரைக்கும் நடந்துபோய் எட்டிப் பார்த்தார். பிறகு கையை ஆட்டினார். பஸ் மெல்லத் திரும்பியது. கண்டக்டர் ஓடிவந்து ஏறிக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல் டிக்கெட் கிழித்தார்.

இது எத்தனை சின்ன வேலை என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். எட்டு மாதத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அண்ணன், "என்னம்மா?" என்றார். நான் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு வெளியே பார்த்தேன்.

வைகைப் பாலம் தாண்டி, ஒத்தக்கடையில் இறங்கி, வண்டி பிடித்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். அம்மா எலும்பும் தோலுமாகக் கிடந்தார். என்னைப் பார்த்ததும், "வந்துட்டியா" என்று கண்ணை மூடிக்கொண்டார். நான் கஞ்சி வைத்துக் கொடுத்தேன், உடம்பு துடைத்துவிட்டேன். ஆனால் பாதி மனது திருப்பத்தில்தான் இருந்தது. மதுரைப் பக்கமிருந்து யார் வந்தாலும், அவனியாபுரத்தில் விபத்து ஏதும் கேள்விப்பட்டீர்களா என்று கேட்கத் தோன்றும். கேட்கப் பயம். காய்ச்சல் இறங்கி அம்மா எழுந்து உட்கார்ந்த அன்று, "என்னடி, பகல் பூரா வாசலையே பாத்துக்கிட்டு நிக்கிற? உக்காரவே மாட்டேங்கிற" என்றார். அப்போதுதான் நின்றுகொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது.

இருபது நாள் கழித்து என் வீட்டுக்காரர் கூட்டிப்போக வந்தார். வழியில் பஸ்ஸில்தான் சொன்னார்.

"நீ போனப்புறம் ரெண்டு நாளு நான் லீவு போட்டு நின்னேன். மூணாம் நாளு மில்லுல வரச் சொல்லிட்டாக. அப்பாவே மேல ஏறுனாரு."

"மாமாவா?"

"ஆமா. விடியக்காலம் ஏறுனா பொழுதடைய எறங்குவாரு. எங்க ஆத்தா கஞ்சியக் கொண்டுபோயி மேலயே குடுத்துச்சு. யாரும் மாத்தி நிக்கிறேன்னு வரல. வாத்தியாரு மட்டும் பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒரு மணி நேரம் நின்னாரு. இப்பிடி நாலு நாளு. அஞ்சாம் நாளு மத்தியானம் எறங்கி வந்து கடப்பாரைய எடுத்தாரு. வெள்ள அடிச்ச சொவரு, அம்புட்டு அழகா இருந்துச்சு. மூலையில ஓங்கிக் குத்துனாரு. நான் சாயங்காலம் வந்து பாத்தா மூணு முழம் இல்ல, நாலு முழம் போயிருச்சு."

"மாமா என்ன சொன்னாக?"

"ஏம்ப்பான்னு கேட்டேன். முதுகு நோகுதுன்னாரு."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுபோனது. எட்டு மாதம் என் முதுகும் அந்த ஜன்னலில்தான் இருந்தது என்று சொல்ல வந்தேன். சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். தெரிந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பஸ் திருப்பத்தில் நிற்காமல் திரும்பியது. இரண்டு பக்கமும் தூரம்வரை தெரிந்தது. மாமனார் கண்டு அஞ்சியது ஒன்றும் நடக்கவில்லை. பங்காளி வீட்டார் அந்த நாலு முழத்தில் கால்கூட வைக்கவில்லை. ஊரார் வாத்தியாரைத்தான் பாராட்டினார்கள். அவர் கூச்சத்தோடு, "நான் எங்க செஞ்சேன்" என்றாராம். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

மாமனார் தொழுவில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நான் போய் நின்றதும் நிமிர்ந்தார்.

"ஆத்தா எப்பிடி இருக்கு?"

"எந்திரிச்சு நடமாடுறாக மாமா."

"சரி. போய்ச் சாப்புடு."

அவரிடம் நேருக்கு நேர் நான் பேசிய முதல் பேச்சு அது. மறுநாள் பெண்களோடு வயலுக்குப் போனேன். வெயிலில் குனிந்து நின்றபோது இடுப்பு விட்டுப்போனது. ஒரு பாத்தி முடிவதற்குள் மூன்று முறை உட்கார்ந்தேன்.

அடுத்த வருஷம் மாசியில் ஊருக்குப் போக வேண்டும் என்று தோன்றியது. அனுப்பவும் யாருக்கும் மறுப்பில்லை, போகச் சொல்லவும் யாருக்கும் தோன்றவில்லை. மாமியார் அடுப்பில் இருந்தார், மாமனார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று, "மாமா, நாளைக்கு ஊருக்குப் போறேன். பத்து நாள்ல வாரேன்" என்றேன். அவர் சோற்றைப் பிசைந்தபடி தலையாட்டினார்.

அம்மா இருந்தவரை ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான், நானேதான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.